கெப்பாசிட்டர் மாற்றப் போகிறீர்களா? எழுத்தைப் படிப்பது முதல் பொருத்துவது வரை

ஒரு மானிட்டரின் பவர் போர்டைத் திறந்து, தலை உப்பியிருந்த மூன்று கெப்பாசிட்டர்களை மாற்றினேன். மேலே 1000 மைக்ரோஃபாரட், 16 வோல்ட் என்று எழுதியிருந்தது. அதையே வாங்கினேன், அதே இடத்தில் வைத்தேன், மானிட்டர் உயிர் பெற்றது. நாலே மாதத்தில் மறுபடி படுத்துவிட்டது. திறந்து பார்த்தால் நான் புதிதாகப் போட்ட மூன்றுமே உப்பியிருந்தன. இந்த முறை தேடிப் படித்து, சரியான வகையாக வாங்கிப் போட்டேன். அப்போதும் ஆன் ஆகவில்லை. இரண்டு வாரம் மண்டையை உடைத்துக்கொண்ட பிறகுதான் தெரிந்தது: பவர் சப்ளையை இயக்கும் கன்ட்ரோல் ஐசிக்குப் பக்கத்தில், ஹீட்சிங்க்கை ஒட்டி நின்ற 47 மைக்ரோஃபாரட் பொடியன் ஒன்று செத்திருந்தது. அது உப்பவும் இல்லை, கசியவும் இல்லை.

மேலே எழுதியிருக்கும் இரண்டு எண்களை மட்டும் பார்த்து வாங்கினேன், அதுதான் நான் செய்த தவறு. அந்தக் கெப்பாசிட்டர் அந்த இடத்தில் என்ன வேலை செய்கிறது என்று நான் கேட்கவே இல்லை. சால்டரிங் அயர்ன் பிடிக்கத் தெரியும், மல்டிமீட்டர் ஒன்று இருக்கிறது, கெப்பாசிட்டர் மட்டும் புதிது என்றால் இந்தக் கட்டுரை உங்களுக்குத்தான்.

1. முதலில் உள்ளே நிற்கும் மின்சாரத்தை இறக்குங்கள்

பிளக்கைப் பிடுங்கிவிட்டேன், அப்புறம் என்ன பயம் என்று நினைக்காதீர்கள். 230 வோல்ட் மின்சாரத்தில் ஓடும் பவர் சப்ளையில், பெரிய கெப்பாசிட்டரில் சுமார் 325 வோல்ட் டிசி நிற்கும். 120 வோல்ட் வரும் இடங்களில் சுமார் 170. இதில் ஒரு வேடிக்கை: நன்றாக ஓடும் சப்ளையை நிறுத்தினால் சார்ஜ் சீக்கிரம் வடிந்துவிடும். கெட்டுப்போன சப்ளையில் அதை உறிஞ்ச ஆளே இல்லாததால் நெடுநேரம் அப்படியே நிற்கும். நீங்கள் திறப்பது எப்போதும் கெட்டுப்போனதைத்தான்.

மல்டிமீட்டரை 600 வோல்ட் அல்லது அதற்கு மேற்பட்ட டிசி ரேஞ்சில் வைத்து, அந்தக் கெப்பாசிட்டரின் இரண்டு காலிலும் அளந்து பாருங்கள். மின்னழுத்தம் இருந்தால் 2.2 கிலோ ஓம், 5 வாட் ஒயர்வவுண்ட் ரெசிஸ்டர் ஒன்றை, கைபடாதபடி இன்சுலேஷன் போட்ட ஒயர்களில் கட்டி, இரண்டு காலுக்கும் குறுக்கே பத்து விநாடி பிடியுங்கள். 100 மைக்ரோஃபாரட் என்றால் ஒன்றிரண்டு விநாடியிலேயே இறங்கிவிடும், மீதி நேரம் நம் மன நிம்மதிக்கு. கால் வாட் ரெசிஸ்டர் வேண்டாம், கருகிவிடும். பிறகு மறுபடி அளங்கள். சில நிமிடம் கழித்து இன்னொரு முறையும் அளங்கள், ஏனென்றால் இறக்கிய கெப்பாசிட்டரில் கொஞ்சம் வோல்டேஜ் தானாகவே மேலெழும்பும்.

ஸ்க்ரூடிரைவரால் ஷார்ட் செய்வதைப் பலர் செய்து பார்த்திருப்பீர்கள். பொறி பறக்கும், முனை உருகும், போர்டின் செம்புத் தடம் பிய்த்துக்கொண்டு வரும். தேவையில்லாத வீரம். மைக்ரோவேவ் அவனின் உள்ளே இருக்கும் கெப்பாசிட்டர் 2000 வோல்ட்டுக்கு மேல் தாங்கி நிற்பது. கற்றுக்கொள்ளும் நிலையில் அதைத் திறக்கவே வேண்டாம்.

2. கழற்றும் முன் குறிப்பு எடுங்கள்

போர்டின் இரண்டு பக்கத்தையும் நல்ல வெளிச்சத்தில் படம் எடுங்கள். பிறகு ஒரு தாளில் கட்டம் போட்டு, சந்தேகப்படும் ஒவ்வொன்றுக்கும் இவற்றை எழுதுங்கள்: போர்டில் அச்சிட்ட இட எண், மைக்ரோஃபாரட், வோல்ட், டிகிரி, கம்பெனி, சீரிஸ் எழுத்து, விட்டம், உயரம், கால் இடைவெளி, மைனஸ் எந்தப் பக்கம் என்பது. அரை மணி நேரம் போகும். போகட்டும்.

கடைசி விஷயத்தில் ஒரு பொறி இருக்கிறது. பெரும்பாலான போர்டுகளில் அச்சிட்ட வட்டத்தின் நிழலிட்ட பாதிதான் மைனஸ். ஆனால் இதற்கு நேர்மாறாக, நிழலிட்ட பக்கத்தைப் பிளஸ்ஸாக வைத்த போர்டுகளும் உண்டு. நிழலை நம்பாதீர்கள், கழற்றும் முன் எடுத்த படத்தை நம்புங்கள்.

சர்வீஸ் மேனுவல் கிடைத்தால் பாதி வேலை முடிந்தது. கருகி எழுத்து அழிந்தவற்றின் மதிப்பு அதன் பாகப் பட்டியலில் இருக்கும். உங்களுக்கு முன்னால் வேறு யாராவது தவறான ஒன்றை வைத்திருந்தாலும் அதில்தான் தெரியும். கையால் சால்டர் செய்த அடையாளம், அதாவது மற்றவற்றைவிடப் பளபளப்பாகவோ கரி படிந்தோ இருக்கும் முனைகள், எங்காவது தென்பட்டால் அங்கே இருக்கும் மதிப்பை அப்படியே நகல் எடுக்காதீர்கள்.

3. எந்த வகை என்று பாருங்கள்

அலுமினிய எலக்ட்ரோலைட்டிக்கைத் தெரியாதவர் இருக்க மாட்டார். பிளாஸ்டிக் உறை போட்ட குட்டி டப்பா, பக்கத்தில் பட்டை. அந்தப் பட்டை மைனஸ். போர்டின் மேற்பரப்பில் ஒட்டும் வெள்ளி நிற டப்பாவில் தலையில் கறுப்பாக இருக்கும் பக்கம் மைனஸ்.

மஞ்சளாகவோ கறுப்பாகவோ சின்னச் செங்கல்போல ஒட்டியிருப்பது டாண்டலம். அதில் பட்டை இருக்கும் பக்கம் பிளஸ். ஆம், எலக்ட்ரோலைட்டிக்குக்கு நேர் எதிர். திருப்பி வைத்த டாண்டலம் உப்புவதோடு நிற்காது, ஷார்ட் ஆகி நெருப்பே கக்கும்.

உறையே இல்லாமல், தலையில் வெட்டுக்கோடும் இல்லாமல், நிறத்தால் அச்சிட்ட அரைவட்டத்தோடு நிற்கும் டப்பா பெரும்பாலும் பாலிமர். மதர்போர்டுகளில் புராசசரைச் சுற்றி வரிசை கட்டி நிற்கும். நிறம் பூசிய பக்கம் மைனஸ்.

வட்டத் தட்டுப்போல இருப்பது செராமிக். சதுரமான பெட்டி, அல்லது சாக்லேட் போல மொழுமொழுவென்று இருப்பது ஃபிலிம். இவை இரண்டுக்கும் பிளஸ் மைனஸ் கிடையாது. போர்டில் கடுகுபோல ஒட்டியிருக்கும் பழுப்பு நிறத் துணுக்குகள் அடுக்குச் செராமிக். அதில் ஓர் எழுத்தும் இருக்காது, அதுதான் தலைவலி.

4. மேலே எழுதியிருப்பதைப் படியுங்கள்

முதலில் அலகுகளைத் தெளிவாக்கிக்கொள்வோம். 1000 பைக்கோஃபாரட் ஒரு நானோஃபாரட். 1000 நானோஃபாரட் ஒரு மைக்ரோஃபாரட். பழைய பாகங்களிலும் மோட்டார் கெப்பாசிட்டர்களிலும் எம்எஃப், எம்எஃப்டி என்று போட்டிருந்தால் அது மில்லி அல்ல, மைக்ரோதான்.

செராமிக், ஃபிலிம் வகைகளில் மூன்று எண் இருக்கும். முதல் இரண்டு அப்படியே, மூன்றாவது எத்தனை பூஜ்ஜியம் என்று சொல்லும். விடை பைக்கோஃபாரட்டில் வரும். 104 என்றால் 10, பின்னால் நாலு பூஜ்ஜியம்: 1,00,000 பைக்கோ, அதாவது 100 நானோ, அதாவது 0.1 மைக்ரோ. 472 என்றால் 4700 பைக்கோ, 4.7 நானோ. 223 என்றால் 22 நானோ. 100 என்று இருந்தால் நூறு அல்ல: 10, பூஜ்ஜியம் எதுவும் இல்லை, ஆக 10 பைக்கோ. நூறு பைக்கோவை 101 என்று எழுதுவார்கள். இரண்டே எண் இருந்தால், உதாரணமாக 47, அது நேராக 47 பைக்கோ. எண்களுக்கு நடுவில் 'ஆர்' வந்தால் அது புள்ளி: 4ஆர்7 என்றால் 4.7. அதேபோல 2என்2 என்றால் 2.2 நானோ.

எண்ணுக்குப் பின்னால் வரும் ஆங்கில எழுத்து எவ்வளவு முன்பின்னாக இருக்கலாம் என்பதைச் சொல்கிறது. ஜே என்றால் 5 சதவீதம், கே என்றால் 10, எம் என்றால் 20. இசட் என்றால் மேலே 80, கீழே 20 சதவீதம் வரை போகலாம். 104கே என்பதைப் பார்த்து 104 கிலோ என்று நான் எழுதி வைத்த நாளும் உண்டு.

எண்ணுக்கு முன்னால் ஓர் எண்ணும் எழுத்தும் சேர்ந்து நின்றால் அது வோல்டேஜ். 0ஜே 6.3 வோல்ட், 1ஏ 10, 1சி 16, 1இ 25, 1வி 35, 1எச் 50, 2ஏ 100, 2இ 250, 2ஜி 400, 2ஜே 630, 3ஏ 1000 வோல்ட். ஆக, 2ஏ104ஜே என்றால் 100 வோல்ட், 100 நானோஃபாரட், 5 சதவீதம்.

இனி, நிறைய பேர் விழும் குழி. டாண்டலத்தில் 227 என்று இருந்தால் மேலே சொன்ன கணக்குதான்: 22, ஏழு பூஜ்ஜியம், 220 மைக்ரோ. ஆனால் மேற்பரப்பில் ஒட்டும் அலுமினிய டப்பாவில் 220 என்று இருந்தால் அது பெரும்பாலும் நேரடியாக 220 மைக்ரோ. 22 பைக்கோ என்றோ 22 மைக்ரோ என்றோ கணக்குப் போட்டுக் குழம்பாதீர்கள். அத்தனை பெரிய டப்பாவுக்குள் பைக்கோ இருக்க வழியில்லை என்ற பொது அறிவே போதும். அதன் கீழே ஒற்றை எழுத்து இருந்தால் வோல்டேஜ்: ஜே 6.3, ஏ 10, சி 16, இ 25, வி 35, எச் 50.

எழுத்தே இல்லாத அடுக்குச் செராமிக்குக்கு மூன்று வழிதான்: சர்வீஸ் மேனுவல், அதே வேலையைச் செய்யும் பக்கத்துத் துணுக்கைக் கழற்றி அளப்பது, அதே மாதிரியான இன்னொரு போர்டு. நிறத்தையும் அளவையும் வைத்து மதிப்பைச் சொல்ல முடியாது.

5. கெட்டது எது என்று உறுதி செய்யுங்கள்

தலை உப்பியது, அடியில் ரப்பர் பிதுங்கி டப்பா சாய்ந்து நிற்பது, காலைச் சுற்றிப் பச்சை படிந்தது: இவை எல்லாம் கண்ணுக்கே தெரியும். அடியில் பழுப்பாக ஏதோ ஒட்டியிருந்தால் உடனே கசிவு என்று முடிவு கட்டாதீர்கள். ஆடாமல் இருக்கத் தொழிற்சாலையில் வைத்த பசையாக இருக்கலாம். ஆனால் அந்தப் பசை சூட்டில் கருத்து இறுகியிருந்தால் சுரண்டி எடுத்துவிடுங்கள். சில வகைப் பசை வயதானால் மின்சாரம் கடத்தவும், கால்களை அரிக்கவும் தொடங்கும்.

கண்ணுக்குத் தெரியாதவைதான் ஆளைச் சுற்ற வைப்பவை. எலக்ட்ரோலைட்டிக் உள்ளே காய்ந்துபோனால் அதன் உள்தடை, அதாவது ஈஎஸ்ஆர், ஏறிவிடும். மல்டிமீட்டரின் கெப்பாசிட்டன்ஸ் ரேஞ்சில் வைத்தால் மைக்ரோஃபாரட் கிட்டத்தட்ட சரியாகவே காட்டும். நானும் அதைப் பார்த்து "இது நல்லது" என்று மூன்று முறை ஒதுக்கி வைத்தேன், மேலே சொன்ன அந்தப் பொடியனைத்தான். இன்னொன்று, உள்ளுக்குள் கசிவு உள்ள கெப்பாசிட்டர் சாதாரண மீட்டரில் எழுதியதைவிட அதிகமாகவே காட்டலாம். 1000 என்று எழுதியது 1600 காட்டினால் சந்தோஷப்படாதீர்கள்.

இரண்டு மூன்று சாதனமாவது பழுது பார்க்கப் போகிறீர்கள் என்றால் ஓர் ஈஎஸ்ஆர் மீட்டர் வாங்கிவிடுங்கள். விலை உயர்ந்தது வேண்டியதில்லை. மிகக் குறைந்த வோல்டேஜில் அளக்கும் மீட்டர் என்றால் பக்கத்து டயோடு, டிரான்சிஸ்டர் எதுவும் விழித்துக்கொள்ளாது, போர்டிலிருந்து கழற்றாமலேயே அளந்துவிடலாம். 1000 மைக்ரோஃபாரட் நல்ல நிலையில் 0.1 ஓமுக்குள் இருக்கும். 47 மைக்ரோஃபாரட் சுமார் ஓர் ஓம் அல்லது அதற்குக் கீழே. என்னுடையது 20 ஓமுக்கு மேல் காட்டியது. ஆனால் இணையாகப் பல கெப்பாசிட்டர்கள் நிற்கும் இடத்தில், நல்லது ஒன்று கெட்டதை மறைத்துவிடும். அங்கே ஒரு காலையாவது தூக்கித்தான் அளக்க வேண்டும்.

மீட்டர் இல்லாதவர்களுக்கு ஓர் அடையாளம்: சாதனம் ஆன் ஆக நேரம் எடுக்கிறது, டிக் டிக் என்று முயன்று நின்றுவிடுகிறது, ஹேர் டிரையரால் உள்ளே சூடு காட்டினால் ஆன் ஆகிவிடுகிறது. அப்படியென்றால் காய்ந்துபோன எலக்ட்ரோலைட்டிக் ஒன்று எங்கோ இருக்கிறது. சூட்டில் ஈஎஸ்ஆர் இறங்குவதால் வரும் தற்காலிக உயிர் அது. முதலில் தேட வேண்டிய இடம் கன்ட்ரோல் ஐசிக்கு மின்சாரம் தரும் சின்னக் கெப்பாசிட்டர்: பெரும்பாலும் 10 முதல் 100 மைக்ரோ, 25 முதல் 50 வோல்ட்.

அடுக்குச் செராமிக் வேறு மாதிரி சாகும். போர்டு வளைந்தால் விரிசல் விட்டு ஷார்ட் ஆகும். அந்த லைனுக்கும் கிரவுண்டுக்கும் இடையே கிட்டத்தட்ட பூஜ்ஜிய ஓம் காட்டும். புராசசர் லைனில் மட்டும் இதை நம்பாதீர்கள். நல்ல நிலையிலேயே அங்கே ஓரிரு ஓமோ அதற்குக் குறைவாகவோதான் இருக்கும்.

6. மாற்றைத் தேர்ந்தெடுங்கள்

மைக்ரோஃபாரட் அதே மதிப்பு. பவர் சப்ளையில் வடிகட்டும் இடம் என்றால் 20 சதவீதம் கூடுதல் இருந்தாலும் பரவாயில்லை. "பெரிசா போட்டா இன்னும் நல்லது" என்று இரண்டு மடங்கு போடாதீர்கள். ஆன் செய்யும் நொடியில் அது இழுக்கும் கரண்ட் ஃபியூஸையும் டயோடு பிரிட்ஜையும் பதம் பார்க்கும். நேரம் கணக்கிடும் இடம், அலைவரிசை தீர்மானிக்கும் இடம் என்றால் அச்சு அசலாக அதே மதிப்பு, அதே வகை.

வோல்டேஜ் சமமாகவோ அதிகமாகவோ இருக்கலாம், குறையவே கூடாது. 16-க்கு 25 போடலாம். 5 வோல்ட் லைனில் 6.3 வோல்ட் இருந்தால் நான் 10 போடுவேன். டாண்டலம் என்றால் அந்த இடத்தில் நிற்கும் வோல்டேஜைப் போல இரண்டு மடங்கு தாங்குவதாகப் பாருங்கள்.

டிகிரியும் மணி நேரமும் சேர்த்துப் பார்க்க வேண்டியவை. "105 டிகிரி, 2000 மணி நேரம்" என்றால் அந்த உச்சச் சூட்டில் அவ்வளவு நேரம் தாங்கும் என்று அர்த்தம். ஒவ்வொரு 10 டிகிரி குறையும்போதும் ஆயுள் ஏறத்தாழ இரட்டிக்கும். ஆக 65 டிகிரியில் அதே பாகம் சுமார் 32,000 மணி நேரம் வரும். 85 டிகிரி, 2000 மணி நேரம் என்று எழுதியது அதே 65 டிகிரியில் சுமார் 8000 மணி நேரம்தான். 105 டிகிரி ரகத்தைத் தவிர வேறு எதையும் இப்போது நான் வாங்குவதில்லை. விலை வித்தியாசம் ஒரு பொருட்டே அல்ல.

அடுத்ததுதான் என் மானிட்டரைக் கொன்றது. மானிட்டர், டிவி, அடாப்டர், கணினி எல்லாவற்றிலும் இருக்கும் பவர் சப்ளை விநாடிக்குப் பல பத்தாயிரம் முறை, சிலவற்றில் லட்சத்துக்கும் மேல், மின்சாரத்தை வெட்டி வெட்டி அனுப்பும் வகை. அதன் வெளியீட்டில் நிற்கும் கெப்பாசிட்டரில் அலை அலையாகக் கரண்ட் ஓடும். ஈஎஸ்ஆர் அதிகமானால் அந்தக் கரண்ட் உள்ளேயே சூடாக மாறும், அந்தச் சூட்டில் திரவம் காயும், காய்ந்தால் ஈஎஸ்ஆர் இன்னும் ஏறும். பொதுப் பயன்பாட்டு ரகத்துக்கு அங்கே நாலு மாதம்தான் கணக்கு. குறைந்த ஈஎஸ்ஆர் அல்லது குறைந்த இம்பீடன்ஸ் (அலை அலையாக வரும் கரண்ட்டுக்குக் காட்டும் மொத்தத் தடை) என்று சொல்லப்படும் ரகம் வேண்டும். பானாசோனிக் எஃப்ஆர், ரூபிகான் இசட்எல்எச், நிப்பான் கெமிக்கான் கேஒய், நிச்சிகான் எச்இ ஆகியவை அந்த வகை சீரிஸ்கள்.

சந்தேகம் இருந்தால் பழையதன் சீரிஸ் பெயரை வைத்து டேட்டாஷீட்டைத் தேடி எடுங்கள். அதில் பார்க்க வேண்டியவை இரண்டே எண்தான்: 100 கிலோஹெர்ட்ஸில் இம்பீடன்ஸ், ரிப்பிள் கரண்ட் (மேலே சொன்ன அலைக் கரண்ட்டை எவ்வளவு தாங்கும் என்பது). புதியதன் இம்பீடன்ஸ் பழையதற்குச் சமமாகவோ கொஞ்சம் குறைவாகவோ, ரிப்பிள் கரண்ட் சமமாகவோ அதிகமாகவோ இருக்கட்டும். ரொம்பக் குறைத்துவிடுவதும் ஆபத்துதான். சில பழைய ரெகுலேட்டர் ஐசிகள் வெளியீட்டில் கொஞ்சம் ஈஎஸ்ஆர் இருக்கும் என்று நம்பி வடிவமைக்கப்பட்டவை. அங்கே எலக்ட்ரோலைட்டிக்கை எடுத்துவிட்டுச் செராமிக்கை வைத்தால் வெளியீடு நிலையில்லாமல் ஆடத் தொடங்கும்.

எல்லா இடத்துக்கும் உயர்ந்த ரகம் வேண்டுமா? வேண்டாம். கனமான டிரான்ஸ்ஃபார்மர் வைத்த பழைய ஆம்ப்ளிஃபையர்களில் 100 அல்லது 120 ஹெர்ட்ஸ் அலைதான் வரும். பொதுப் பயன்பாட்டு 105 டிகிரி ரகமே அங்கே போதும்.

அளவைக் கடைசியில் சொல்கிறேன், ஆனால் அதுதான் முதலில் காலை வாரும். விட்டம் 5 மில்லிமீட்டர் என்றால் கால் இடைவெளி 2, 6.3 என்றால் 2.5, 8 என்றால் 3.5, 10-க்கும் 12.5-க்கும் 5, 16-க்கும் 18-க்கும் 7.5 மில்லிமீட்டர். வோல்டேஜை ஏற்றினால் டப்பாவும் பெருக்கும். உயரம் கூடியதால் மூடி மூடாமல், கெப்பாசிட்டரைப் படுக்க வைத்துக் காலை நீட்டிய அனுபவம் எனக்கு உண்டு. நீண்ட கால் இந்த வேலைக்கு நல்லதல்ல.

அடுக்குச் செராமிக்கில் டைஎலக்ட்ரிக், அதாவது உள்ளே தகடுகளுக்கு இடையே இருக்கும் மின்கடத்தாப் பொருள், எந்த வகை என்றும் பாருங்கள். சி0ஜி சூட்டுக்கு அசையாது, துல்லியமான இடங்களுக்கு ஏற்றது. எக்ஸ்7ஆர் மைனஸ் 55 முதல் 125 டிகிரி வரை 15 சதவீதத்துக்குள் நிற்கும். ஒய்5வி மைனஸ் 30 முதல் 85 டிகிரி வரைக்குள்ளேயே 82 சதவீதம் வரை குறையக்கூடியது, தவிர்த்துவிடுங்கள். எக்ஸ்7ஆர் கூட, தாங்கும் எல்லைக்கு அருகில் டிசி வோல்டேஜ் நின்றால் மதிப்பில் பாதிக்கும் மேல் இழக்கலாம். அதனால் சின்ன உறைக்குள் பெரிய மதிப்பு கிடைக்கிறது என்று மயங்க வேண்டாம்.

ஸ்பீக்கர் பெட்டிக்குள் இருக்கும் எலக்ட்ரோலைட்டிக்கில் பிளஸ் மைனஸ் குறி இருக்காது, துருவம் இல்லாதது என்பதைக் குறிக்க என்பி அல்லது பிபி என்று எழுதியிருக்கும். அங்கே சாதாரண எலக்ட்ரோலைட்டிக் கூடாது. ஃபேன், ஏசி போன்ற மோட்டார்களில் இருக்கும் ரன் கெப்பாசிட்டரும் தனி ரகம். அதே மைக்ரோஃபாரட், அதே அல்லது அதிக ஏசி வோல்ட்.

7. எக்ஸ், ஒய் என்று எழுதியிருந்தால் கையைக் கட்டுங்கள்

மின்சாரம் நுழையும் இடத்தில் எக்ஸ்2, ஒய்1, ஒய்2 என்று குறியும், பல நாடுகளின் சான்றுச் சின்னங்களும் அச்சிட்ட கெப்பாசிட்டர்கள் இருக்கும். எக்ஸ் வகை லைனுக்கும் நியூட்ரலுக்கும் குறுக்கே நிற்பது. ஒய் வகை லைனிலிருந்து எர்த்துக்கோ, மின்சாரப் பக்கத்திலிருந்து நாம் தொடும் பக்கத்துக்கோ பாலமாக நிற்பது. அது ஷார்ட் ஆனால் சாதனத்தைத் தொடுபவருக்கு ஷாக். அதனால்தான் எக்ஸ்2-வை 2500 வோல்ட், ஒய்2-வை 5000 வோல்ட், ஒய்1-ஐ 8000 வோல்ட் மின்னழுத்த அதிர்ச்சி கொடுத்துச் சோதிக்கிறார்கள்.

"உச்சம் 325 வோல்ட்தானே, 400 வோல்ட் டிசி ஃபிலிம் போதாதா?" போதாது. லைனில் அடிக்கடி வரும் திடீர் எழுச்சிகளுக்கு அது தயாரிக்கப்படவில்லை, தீப்பிடிக்கும். எக்ஸுக்குப் பதில் ஒய் போடலாம், ஒய்க்குப் பதில் எக்ஸ் ஒருபோதும் கூடாது. இதில் காசு மிச்சம் பிடிப்பது பற்றிப் பேச்சே வேண்டாம்.

ஒரு போனஸ் தகவல். டிரான்ஸ்ஃபார்மர் இல்லாமல் லைனிலிருந்து நேராக ஓடும் சின்ன டைமர், சென்சார் விளக்கு போன்றவற்றில் எக்ஸ்2 கெப்பாசிட்டர் ஒன்று கரண்ட்டைக் குறைக்கும் வேலை பார்க்கும். ஆண்டுகள் போகப்போக அதன் உள்ளே உலோகப் பூச்சு அரித்து, 330 நானோ என்று எழுதியது 100 நானோவாக இறங்கிவிடும். ரிலே பிடிக்காமல் படபடக்கும். வெளியே ஒரு கீறலும் தெரியாது. அளந்தால் பளிச்சென்று தெரியும்.

8. வாங்கும்போது

ஒற்றை கெப்பாசிட்டரின் விலையைவிட அனுப்பும் செலவு அதிகமாகிவிடும். எனவே ஒரு போர்டில் ஒன்று போனால், அதே வயதுள்ள, அதே சூட்டில் நின்ற மற்ற எலக்ட்ரோலைட்டிக்குகளையும் கணக்கெடுத்து ஒரே தடவையில் வாங்குங்கள். ஒவ்வொன்றிலும் ஒன்றிரண்டு கூடுதல். காத்திருக்கும் நாட்களும் மிச்சம்.

போலிகள் ஏராளம். பெரிய டப்பாவுக்குள் குட்டிக் கெப்பாசிட்டரை ஒளித்து வைத்தவை, புது உறை போர்த்திய பழையவை. அளவுக்கு எடை குறைவாக இருந்தால் சந்தேகப்படுங்கள். அங்கீகரிக்கப்பட்ட விநியோகஸ்தரிடம் வாங்குவதே நல்லது. வந்ததும் ஒவ்வொன்றையும் அளந்து தாளில் குறித்துவையுங்கள், பொருத்திய பிறகு அளப்பதில் பயனில்லை.

பழைய போர்டில் கழற்றிய எலக்ட்ரோலைட்டிக்கை மறுபடி பயன்படுத்தாதீர்கள். ஃபிலிம் என்றால் அளந்து பார்த்துப் பயன்படுத்தலாம்.

9. கழற்றுதல், பொருத்துதல்

முதல் முறை என்றால் ஒரு முழு மாலைப்பொழுதை ஒதுக்குங்கள். பழைய ஈயத்தின் மேல் கொஞ்சம் புது ஈயமும் ஃப்ளக்ஸும் சேர்த்தால் சீக்கிரம் உருகும். இரண்டு காலையும் மாற்றி மாற்றிச் சூடாக்கி, கெப்பாசிட்டரை மெதுவாக ஆட்டி எடுங்கள். வராவிட்டால் இழுக்காதீர்கள், துளையின் செம்பு பிய்ந்து வந்துவிடும். கிரவுண்டோடு சேர்ந்த கால் எப்போதும் பிடிவாதம் பிடிக்கும், ஏனென்றால் பரந்த செம்புத் தகடு சூட்டை உறிஞ்சிக்கொள்ளும். அங்கே வெப்பநிலையைக் கூட்டுவதைவிடப் பெரிய முனையுள்ள பிட்டே உதவும். ஹாட் ஏர் அடித்தால் பக்கத்து எலக்ட்ரோலைட்டிக்குகளைக் காப்டன் டேப் (சூடு தாங்கும் டேப்) ஒட்டி மறையுங்கள். சூட்டில் அவை வெடிக்கும்.

ஒன்றைக் கழற்றி, ஒன்றைப் பொருத்தி, அடுத்ததற்குப் போங்கள். எல்லாவற்றையும் மொத்தமாகக் கழற்றி வைத்தால், எது எங்கே என்று படத்தையும் தாளையும் புரட்டிக்கொண்டு இருப்பீர்கள்.

10. முதல் தடவை ஆன் செய்வது

நேராகப் பிளக்கில் சொருகாதீர்கள். 60 அல்லது 100 வாட் இழை பல்பு ஒன்றைத் தொடரில் கட்டிய சீரிஸ் லேம்ப் வழியாகக் கொடுங்கள். பல்பு ஒரு நொடி மின்னி மங்கினால் நல்ல அறிகுறி. முழு வெளிச்சத்தில் நின்றால் எங்கோ ஷார்ட், உடனே நிறுத்திப் பிளஸ் மைனஸைச் சரிபாருங்கள். எலக்ட்ரோலைட்டிக்கின் தலைக்கு நேரே முகத்தை வைக்க வேண்டாம்.

எல்லாம் சரி என்றால் நேரடி மின்சாரத்தில் ஒரு மணி நேரம் ஓடவிட்டு, பிளக்கைப் பிடுங்கி, படி 1-ல் சொன்னபடி இறக்கிவிட்டு, புதிய கெப்பாசிட்டர்களைத் தொட்டுப் பாருங்கள். வெதுவெதுப்பாக இருக்கலாம். பக்கத்து ஹீட்சிங்க் காரணமில்லாமல் ஒன்று மட்டும் கொதித்தால், ரகம் தவறிவிட்டது. கழற்றிய பழையவற்றை ஒரு வாரமாவது, எந்த இடத்தில் இருந்தது என்று எழுதிய தாளில் ஒட்டி வைத்திருங்கள். மூடியை மாட்டிய பிறகு வரும் சந்தேகங்களுக்கு அதுதான் பதில் சொல்லும்.